இரட்டைப் பிள்ளைகளுக்கு 21ஆம் வார ஸ்கான்: மட்டக்களப்பு நகரில் இரண்டு நிலையங்களில் நான் கண்டவை

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு ஸ்கான் எடுக்கச் செல்லும் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் இரட்டைப் பிள்ளைகளைச் சுமப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். பத்து நாள் இடைவெளியில், நகரிலுள்ள இரண்டு தனியார் நிலையங்களில், ஒரே ஸ்கானை இரண்டு முறை எடுக்க நேர்ந்தது. முதலாவதை 20 வாரமும் ஒரு நாளும் ஆகியிருந்தபோதும், இரண்டாவதை 21 வாரமும் நான்கு நாட்களும் ஆகியிருந்தபோதும் எடுத்தேன். நிலையங்களின் பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. முதல் நிலையத்தைப் பற்றிச் சொல்ல இருப்பவை பெரும்பாலும் குறைகள். இரண்டாவதைப் பற்றி நிறைவோடு எழுதினாலும் அங்கேயும் படியேறிக் கால் கடுத்த கதை இருக்கிறது. எங்கே போனாலும் எதைக் கேட்க வேண்டும், ரிப்போர்ட்டில் எதைத் தேட வேண்டும் என்பதே அடுத்தவருக்குக் கூடுதலாகப் பயன்படும்.

எனது நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது எனக்கு முதற் கர்ப்பம். அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் பதிந்திருக்கிறேன். 12ஆம் வாரத்தில் அங்கே எடுத்த ஸ்கானிலேயே இரண்டு சிசுக்கள் என்பது தெரிந்துவிட்டது. சூல்வித்தகம் ஒன்று, அதாவது நாம் பேச்சில் நஞ்சு என்று சொல்வது ஒன்றுதான், பன்னீர்க்குடங்கள் இரண்டு. வீட்டில் அம்மாவோ, நான் சின்ன வயதில் ஒட்டிய வாழைப்பழத்தை எவ்வளவு சொல்லியும் கேளாமல் தின்றதன் பலன் இது என்று முடிவு கட்டிவிட்டார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை; ஆனாலும் அந்த வாதத்தில் அம்மாவை வெல்ல என்னால் முடியவில்லை.

ஒரே நஞ்சைப் பங்குபோடும் இரட்டையரை 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கான் செய்து பார்க்க வேண்டும். ஆளுக்கொரு நஞ்சுள்ள இரட்டையருக்குப் பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். இந்த இரு வாரப் பரிசோதனைகளைக் கிளினிக்கில் ஒழுங்காகச் செய்து வந்தார்கள். ஆனால், தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பார்க்கும் விரிவான ஸ்கானுக்கு அங்கே கிடைத்த திகதி 24ஆம் வாரத்தில் இருந்தது. 22 வாரத்துக்குள் வெளியே எடுக்க முடியுமானால் நல்லது என்று கிளினிக்கின் மகப்பேற்று வைத்திய நிபுணர் சொன்னார். அதனால்தான் நகரின் தனியார் நிலையங்களைத் தேட வேண்டியதாயிற்று.

முதலில் போன நிலையம் பார்வைக்கு மிக நேர்த்தியானது. நிலத் தளத்திலேயே இருக்கிறது. குளிரூட்டிய கூடம், மெத்தை வைத்த இருக்கைகள், ஒரு மூலையில் பெரிய மீன் தொட்டி. தொலைபேசியில் முன்பதிவு இலக்கம் எடுத்தபோது ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரும்படி சொன்னார்கள். சொன்னபடி குடித்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தேன். இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருக்கும் சிறுநீர்ப்பையைக் கொண்ட ஒருத்திக்கு அது எப்படிப்பட்ட ஒன்றரை மணித்தியாலம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில், கருப்பை இடுப்பெலும்புக்குள் இருக்கும் காலத்தில், நிறைந்த சிறுநீர்ப்பை படத்தைத் தெளிவாக்கும் என்பது உண்மை. நடுக் கர்ப்பத்தில் கருப்பை மேலெழும்பிவிட்ட பிறகு அந்தத் தேவை பெரும்பாலும் இல்லை என்பதையும், நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பைக் கழுத்தை அழுத்தி உண்மையைவிட நீளமாகக் காட்டிவிடக்கூடும் என்பதையும் இரண்டாவது நிலையத்தில்தான் கேட்டறிந்தேன்.

கட்டிலில் நான் படுத்திருந்தது 11 நிமிடங்கள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்ததால் இதைத் திட்டமாகச் சொல்ல முடிகிறது. கையில் நீட்டிய 12ஆம் வார ரிப்போர்ட்டை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது என்று டொக்டர் சொன்னது காதில் விழுந்தது. அது திரும்பும்வரை காத்திருக்கவில்லை. அப்படியிருந்தும், அச்சடித்து வந்த ரிப்போர்ட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் இதயத்தின் நான்கு அறைகளும் வழமையான நிலையில் உள்ளன என்று இருந்தது. நஞ்சு ஒன்றா இரண்டா என்பதைக் குறிக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று அளவுகளைப் பிரித்திருந்தார்களே தவிர, எந்தப் பிள்ளை வயிற்றில் எந்தப் பக்கம் கிடப்பது என்ற குறிப்பு எங்கும் இல்லை. இவற்றோடு ஒரு பிள்ளையின் முகத்தை முப்பரிமாணத்தில் எடுத்த பளபளப்பான படமொன்றும் தந்தார்கள். ஒற்றைப் பிள்ளைக்கு 4,000 ரூபாயும் இரட்டைக்கு 7,500 ரூபாயும் கட்டணம்.

வெளியே வரும்போது அங்கே பணிபுரியும் பெண்ணொருவர் அம்மாவின் கையைப் பிடித்து, ஒன்று ஆண், மற்றது பெண் என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினார். அம்மா ஊருக்கு வந்து சேர்வதற்குள் ஒழுங்கை முழுவதும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த கிளினிக் நாளில் அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். நிபுணர் இரண்டு பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதிலே எது உங்கட முதலாம் பிள்ளை?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆணும் பெண்ணும் என்று சொன்னார்களாமே என்று பக்கத்தில் நின்ற அம்மா குறுக்கிட்டார். நிபுணர் சிரித்துவிட்டார். நஞ்சு ஒன்றாக இருக்கும் இரட்டையர் ஒரே கருமுட்டை பிரிந்து உண்டானவர்கள். மருத்துவ நூல்களில் பதிவாகும் மிக மிக அரிதான விலக்குகளை ஒதுக்கிவிட்டால், இரண்டும் ஆணாக இருக்கும் அல்லது இரண்டும் பெண்ணாக இருக்கும். பாலைத் தவறாகச் சொன்னதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நஞ்சு ஒன்று என்பதையே கவனிக்காத ஒருவர் மற்றவற்றையெல்லாம் எப்படிக் கவனித்திருப்பார் என்ற எண்ணந்தான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டாவது நிலையத்தின் வேறுபாடு தொலைபேசியிலேயே தெரிந்தது. இலக்கம் கேட்டவுடன், “ஒத்தப் புள்ளையா, ரெட்டையா அக்கா?” என்று மறுமுனையில் இருந்த பெண் கேட்டார். இரட்டை என்றதும், இரண்டு இலக்கங்களின் நேரத்தை ஒதுக்குவதாகச் சொல்லி, முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கான் ரிப்போர்ட்டையும் கர்ப்பப் பதிவேட்டையும் தவறாமல் கொண்டுவரச் சொன்னார். இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டல், இரட்டைக் கர்ப்பத்தில் இந்த விரிவான ஸ்கானுக்கு 45 நிமிடங்கள் ஒதுக்க வேண்டும் என்று சொல்கிறது என்பதைப் பின்னர் வாசித்தேன். அந்தப் பெண் அதை வாசித்திருக்கிறாரோ இல்லையோ, அவருடைய கேள்வி சரியான கேள்வி. ஒற்றைப் பிள்ளைக்கும் இரட்டைப் பிள்ளைக்கும் ஒரே அளவு நேரம் தரும் இடத்தில் இலக்கம் எடுக்க வேண்டாம் என்பேன்.

இனி, காத்திருப்பைச் சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலைக் கடமை முடிந்த பின்னரே டொக்டர் வருவார். அதனால் அமர்வு மாலையில்தான் தொடங்கும். எனது இலக்கம் 14. ஐந்தரை மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே கூப்பிட்டது ஏழு மணி ஐம்பது நிமிடத்துக்கு. நிலையம் மேல்மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை, 26 படிகள். கழிவறையோ கீழ்த்தளத்தில். கூடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள், இரண்டு மின்விசிறிகள், அவற்றில் ஒன்று சுற்றவில்லை. மறைப்புத் துணிக்கு அப்பால் உள்ளே பேசுவது வெளியே ஓரளவு கேட்கிறது. இது சிறிய குறை இல்லை, ஏனெனில் எனக்கு முன்னே போன பெண்ணுக்குச் சொல்லப்பட்ட செய்தியை நாங்கள் எல்லோரும் கேட்கும்படியாயிற்று. அவர் வெளியே வந்தபோது யாரும் தலை நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை.

திரும்பிப் போக பஸ் இருக்காது என்று எங்களுக்கு முதலே தெரியும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் வாவியைப் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நின்றபடி ஆரையம்பதிக்குப் போன கதையை அம்மா அன்று மாலையில் மூன்று முறை சொன்னார். எங்களை இறக்கிவிட்டுக் காத்திருந்த ஓட்டோவுக்கு நாங்கள் கொடுத்த கூலி, ஸ்கான் கட்டணத்தின் பாதிக்குக் கிட்ட வந்தது. தூரத்திலிருந்து வருபவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போன பிறகு அவசரம் என்ற ஒன்றே இருக்கவில்லை. டொக்டர் சிங்களவர். அவருடைய தமிழ் தட்டுத்தடுமாறும் தமிழ்தான். ஆனால் சொல்ல வேண்டிய சொற்களை எல்லாம் கற்று வைத்திருக்கிறார். அம்மாவையும் உள்ளே வர அனுமதித்து, எனக்கு நேரே சுவரில் இருந்த இரண்டாவது திரையைக் காட்டி, படத்தை அதில் பார்க்கும்படி சொன்னார். கட்டிலில் படுத்தவுடன் தாதி எனது வலது இடுப்பின் கீழே ஒரு தலையணையைச் செருகி உடலை இடப்பக்கம் சற்றுச் சரித்துவிட்டார். மல்லாந்து நேரே படுத்தால் பாரமான கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருநாளத்தை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைத்துத் தலைச்சுற்றலைக் கொண்டுவரும். இரட்டைக் கர்ப்பத்தில் அது சீக்கிரமே வரும். முதல் நிலையத்தில் எட்டாவது நிமிடத்திலேயே எனக்குக் கண் இருட்டியது. பயத்தினால் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தலையணை போதும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

டொக்டர் முதலில் கேட்டது 12ஆம் வார ரிப்போர்ட்டைத்தான். இரண்டு பன்னீர்க்குடங்களையும் பிரிக்கும் சவ்வு நஞ்சில் வந்து சேரும் இடத்தைப் பார்த்து நஞ்சு ஒன்றா இரண்டா என்று தீர்மானிக்கிறார்கள். சவ்வு நேராக வந்து ஆங்கிலத்தின் டீ எழுத்தைப் போல நின்றால் நஞ்சு ஒன்று. சேரும் இடத்தில் தடித்து, கிரேக்கத்தின் லம்டா எழுத்தைப் போல முக்கோணமாக விரிந்தால் நஞ்சுகள் இரண்டு. இந்த அடையாளம் 14 வாரத்துக்கு முன்னரே தெளிவாகத் தெரியும். பிறகு படிப்படியாக மங்கிப் போகும். ஆகவே, முதல் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு 20ஆம் வாரத்தில் போய்க் கேட்டால் நல்ல டொக்டரும் தடுமாறக்கூடும். அந்தத் தாளை நெகிழி உறைக்குள் இட்டுப் பதிவேட்டோடு சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

“ரெண்டு புள்ளயும் ஒரே பைக்குள்ளயா கிடக்கு டொக்டர்?” என்று அம்மா கேட்டார். “இல்லை அம்மா. நஞ்சு ஒன்று. பை இரண்டு. நடுவிலே மெல்லிய சுவர்,” என்று சொல்லிக் கருவியைச் சற்றுத் திருப்பினார். திரையில் முடி இழையைப் போல ஒரு வெண்கோடு அசைந்தது. ஒருபுறம் ஒரு கால், மறுபுறம் ஒரு கை. அம்மா கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தி வைத்தது அந்தக் கோட்டைப் பார்த்த நேரத்தில்தான் என்று பின்னர் சொன்னார்.

அதன்பின் அவர் செய்ததுதான் முதல் நிலையத்தில் விடுபட்டது. இடப்பக்கம் கீழே, கருப்பைக் கழுத்துக்குக் கிட்டக் கிடப்பது முதலாம் பிள்ளை. வலப்பக்கம் மேலே கிடப்பது இரண்டாம் பிள்ளை என்று சொல்லி, அதைக் கிளினிக்கின் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு எழுதினார். இது வெறும் பெயரிடல் போலத் தோன்றும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுக்கும் அளவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துத்தான் ஒரு பிள்ளை வளர்கிறதா, தேங்குகிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள். ஒரு தடவை கீழே கிடப்பதை முதலாவதாகவும், அடுத்த தடவை மேலே கிடப்பதை முதலாவதாகவும் எழுதினால் அந்த வரிசை குலைந்துவிடும்.

ஒவ்வொரு பிள்ளையிலும் தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடையெலும்பின் நீளம் ஆகிய நான்கையும் அளந்தார். நிறையை மதிப்பிடுவது இவற்றைக் கொண்டுதான். மூளையின் அறைகள், சிறுமூளை, மேலுதடு, முள்ளந்தண்டு, இதயத்தின் நான்கு அறைகளும் அதிலிருந்து புறப்படும் பெருங்குழாய்களும், இரைப்பை, சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை, தொப்புள்கொடி வயிற்றோடு சேரும் இடம், கைகால்கள் என்று வரிசையாகப் போனார். ஒரே நஞ்சுள்ள இரட்டையரில் இதயக் குறைபாடுகள் ஒற்றைப் பிள்ளையைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், இதயத்தில் நெடுநேரம் நின்றார்.

இதயத் துடிப்பை ஒலியாகக் கேட்க வைத்தபோது, ஒரு விஞ்ஞான ஆசிரியை மௌனமாக இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான் அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். பாடப்புத்தகம் கழியொலி என்று சொல்லும் இந்த ஒலி நமது காதுக்கு எட்டாது. மனிதச் செவி ஒரு செக்கனில் ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். வயிற்றை ஸ்கான் செய்யும் கருவியோ செக்கனுக்குப் பல இலட்சம் அதிர்வுகளை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. தோலுக்கும் கருவிக்கும் இடையில் காற்று இருந்தால் ஒலி திரும்பி ஓடிவிடும். அதற்காகத்தான் அந்தக் குளிர்ந்த ஜெல். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியர், இரும்பில் வெடிப்புத் தேடும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு இந்த ஆராய்ச்சியைத் தொடங்கி 1958இல் வெளியிட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கல்லடிப் பாலத்துக்குக் கீழே நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன்பாட்டுக் கேட்ட தன் தகப்பனாரை நினைவுபடுத்தினார். என்னுடைய விளக்கத்தைவிட அது நல்ல விளக்கம். முதலாம் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 148 துடிப்பு, இரண்டாம் பிள்ளைக்கு 153. இந்த வயதில் 110 முதல் 160 வரை வழமையானது.

இரண்டாம் பிள்ளை பத்து நாளுக்கு முன்னர் கிடந்ததைப் போலவே முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. டொக்டர் நிறுத்தினார். வெளியே போய் இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு, விறாந்தையில் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொன்னார். இடையில் இரண்டு பேரைப் பார்த்து முடித்துவிட்டு மீண்டும் கூப்பிட்டார். பிள்ளை பாதி திரும்பியிருந்தது. இதயம் தெளிவாகக் கிடைத்தது. மேலுதடு கிடைக்கவில்லை, கை மறைத்துக்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் அந்த இடத்தில் “பார்க்க முடியவில்லை, மீண்டும் பார்க்க வேண்டும்” என்று எழுதினார். நான் கட்டிய பணத்துக்குக் கிடைத்தவற்றில் மிகுந்த பெறுமதி இந்த வரிக்குத்தான் என்று நினைக்கிறேன். பார்த்ததைப் பார்த்ததாகவும் பாராததைப் பாராததாகவும் எழுதிய தாளைத்தான் கிளினிக்கில் நம்பிக் கொடுக்க முடியும். இரண்டு தடவையும் சேர்த்து நான் கட்டிலில் இருந்தது 50 நிமிடங்கள்.

பன்னீரின் அளவைச் சொல்லும்போது டொக்டர் கருவியை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஒரே நஞ்சுக்குள் இரண்டு பிள்ளைகளின் இரத்தக் குழாய்களும் பின்னிக் கிடக்கின்றன. சில வேளைகளில் ஒரு பிள்ளையின் இரத்தம் மற்றதற்குக் கூடுதலாகப் பாயத் தொடங்கிவிடும். கொடுக்கும் பிள்ளை சிறுநீர் குறைந்து, பன்னீர் வற்றி, சவ்வோடு ஒட்டிப்போகும். வாங்கும் பிள்ளைக்குச் சிறுநீர் பெருகிக் குடம் வீங்கும், இதயம் திணறும். ஒரே நஞ்சுள்ள இரட்டைக் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்தில் இது நேர்கிறது. ஒவ்வொரு குடத்திலும் மிக ஆழமான நீர்ப்பகுதியை மேலிருந்து கீழாக அளக்கிறார்கள். ஒருபுறம் 2 சென்ரிமீற்றருக்கும் குறைந்து மறுபுறம் 8 சென்ரிமீற்றரைத் தாண்டினால் அது அபாய அறிகுறி. 20 வாரத்துக்குப் பிறகு அந்த மேல் எல்லையை 10 சென்ரிமீற்றராக வைப்பவர்களும் உண்டு. எனக்கு 4.8உம் 5.1உம் இருந்தன. ஆனாலும் இது இரண்டு வாரத்துக்குள் மாறிவிடக்கூடியது என்பதால்தான் இரு வாரக் கணக்கு. திடீரென்று ஓரிரு நாளில் வயிறு வீங்கி இறுகினாலோ மூச்சு முட்டினாலோ திகதி வரும்வரை இருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்.

நிறை மதிப்பீடு முதலாம் பிள்ளைக்கு 402 கிராம், இரண்டாம் பிள்ளைக்கு 371 கிராம். வித்தியாசத்தைப் பெரிய பிள்ளையின் நிறையால் வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 8 வீதம். 20 வீதத்தைத் தாண்டும்போதுதான் கூர்ந்து கவனிப்பார்கள் என்றும், 25 வீதத்தை எட்டினால் பெரிய வைத்தியசாலையின் பார்வை வேண்டும் என்றும் சொன்னார். இந்த வகுத்தலை வீட்டில் நாமே செய்து பார்க்கலாம். ஆனால் ஸ்கான் சொல்லும் நிறை மதிப்பீடுதான், தராசில் நிறுத்தது இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகக் கருப்பைக் கழுத்தின் நீளம். இதைச் சரியாக அளக்கக் கருவியை உள்வழியாக வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே விளக்கி, சம்மதம் கேட்டு, தாதி பக்கத்தில் நிற்க அளந்தார். வலி இல்லை. அதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும் என்றார்கள். ஆகவே 26 படி இறங்கி, 26 படி ஏறினேன். நிலைய உரிமையாளர் இதை வாசித்தால், மேல்மாடியில் ஒரு கழிவறை கட்டும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். அளவு 36 மில்லிமீற்றர். 25க்குக் கீழே இறங்கினால் காலத்துக்கு முந்திய பிரசவத்தின் ஆபத்து கூடும் என்பதால், இரட்டைக்காரர்கள் இதைக் கேட்டு அளக்கச் செய்வது நல்லது.

பிள்ளைகள் ஆணா பெண்ணா என்பதை அம்மா விடுவதாக இல்லை. டொக்டர், பிறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் அம்மா என்று சிரித்தபடி மறுத்துவிட்டார். ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடுமே என்று அம்மா இப்போது புதிதாகக் கற்ற அறிவைக் காட்டினார். அதற்கும் பதில் சிரிப்புத்தான். நானும் கேட்கவில்லை.

இரட்டைக்கு 6,000 ரூபாய் எடுத்தார்கள். முப்பரிமாணப் படம் கிடையாது; சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படங்கள் எட்டு, ஒவ்வொன்றிலும் எந்தப் பிள்ளை என்ற குறிப்போடு. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருந்தாலும், எனது கர்ப்பப் பதிவேட்டிலும் சுருக்கத்தை எழுதி ஒப்பமிட்டுத் தந்தார். இது சின்ன விடயம் போலத் தெரிந்தாலும், வீட்டுக்கு வரும் எங்கள் பிரிவின் மிட்வைஃப் மிஸ் முதலில் கையில் எடுப்பது அந்தப் பதிவேட்டைத்தான். முதல் நிலையத்தின் அழகான கோவை அவருக்கு எந்தப் பயனும் தரவில்லை. மேலுதட்டைப் பார்க்க மீண்டும் வரும்போது டொக்டருக்குக் கட்டணம் இல்லை, நிலையத்துக்கு 500 ரூபாய் மட்டும் என்று சொன்னார்கள்.

எல்லோரும் இவ்வளவு செலவழித்து வெளியே எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிளினிக்கில் 18 முதல் 22 வாரத்துக்குள் திகதி கிடைத்தால் அங்கேயே எடுக்கலாம். காசும் இல்லை, உங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களின் கையிலேயே பதிவும் இருக்கும். தனியாரில் எடுத்தாலும் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. எனக்குக் கிளினிக் நிபுணர், எல்லாம் ஒழுங்காகப் போனால் 36 வாரத்தில் பிரசவம் என்று திட்டமிட்டிருக்கிறார். அந்தத் திட்டத்துக்கு உதவும் ஒரு தாளை வாங்கத்தான் வெளியே போனேன்.

முதல் நிலையத்துக்கு ஐந்தில் ஒன்று கொடுப்பேன், அந்த ஒன்றும் நிலத் தளத்துக்கும் சுத்தமான கழிவறைக்கும். இரண்டாவதுக்கு நான்கு. மறைப்புத் துணிக்குப் பதிலாகக் கதவொன்று போட்டுவிட்டால் மீதமுள்ளதையும் கொடுத்துவிடலாம்.

மீள்பார்வைக்கு 23ஆம் வாரத்தில் போகிறேன். இந்தத் தடவை ஒரு கிழமைக்கு முன்னரே எடுத்ததால் இலக்கம் 3 கிடைத்திருக்கிறது. ஓட்டோ தேவைப்படாது, மண்முனைப் பக்கம் போகும் பஸ்ஸையே பிடித்துவிடலாம்.